மொம்மேயா, காரட்டா, கிராமா? ஜப்பான் முத்து வாங்கும்போது எதில் கணக்கு வைப்பது

அத்தான் நகைக்கடை வைத்திருக்கிறார். கணக்கு என் பொறுப்பு. முதல்முறையாக ஜப்பானிலிருந்து உதிரி முத்து வரவழைக்கலாம் என்று விசாரித்தபோது மூன்று பேர் விலை அனுப்பினார்கள். ஒருவர் மொம்மேக்கு (ஜப்பானில் முத்து நிறுக்கும் எடை) 15,000 யென் என்றார். இன்னொருவர் காரட்டுக்கு 900 யென். மூன்றாமவர் கிராமுக்கு 4,200 யென். (கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று விலைகளை முழு எண்ணாக்கியிருக்கிறேன். இதை இன்றைய சந்தை விலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.) மூன்றுமே ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே தரம் என்று சொல்லப்பட்ட முத்து.

பட்டியலைப் பார்த்த அத்தான், "900க்காரரிடமே வாங்கிடலாமே" என்றார். அப்படித்தான் யாருக்கும் தோன்றும். மூன்றையும் கிராமுக்கு மாற்றிப் பார்த்தோம். மொம்மேக்காரர் 4,000 யென், கிராம்காரர் 4,200, காரட்காரர் 4,500. மலிவு என்று நினைத்தவர்தான் மூவரிலும் விலை கூடியவர். அன்றைக்கு எழுந்த கேள்விதான் இந்தக் கட்டுரை: ஜப்பான் முத்தை வாங்குகிறவர் எந்த எடையில் யோசிக்க வேண்டும், எதில் எழுதி வைக்க வேண்டும்?

முதலில் அளவுகள். ஒரு காரட் என்பது 0.2 கிராம். நம் ஊர் வைரக் கடையில் சொல்லும் சென்ட் அதில் நூறில் ஒரு பங்கு. ஒரு மொம்மே 3.75 கிராம். ஆக, ஒரு மொம்மேக்கு 18.75 காரட். தமிழில் சொல்லிப் பார்த்தால் இந்த எண்கள் மனதில் தானாக உட்கார்ந்துவிடும்: மொம்மே மூன்றே முக்கால் கிராம், பதினெட்டே முக்கால் காரட். மொம்மேக்குக் கீழே பத்தில் ஒன்று ஃபுன், நூறில் ஒன்று ரின். மேலே போனால் 160 மொம்மே சேர்ந்தது ஒரு கின், அதாவது 600 கிராம், 3,000 காரட். ஆயிரம் மொம்மே ஒரு கன். மூன்றே முக்கால் கிலோ, 18,750 காரட். கின்னும் கன்னும் முத்து வாங்குபவர் கணக்கில் இன்று வருவதில்லை. பழைய ஆவணம் படிப்பவருக்கு மட்டும் தேவைப்படும்.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தமிழில் தங்கத்தின் மாற்றுக்கும் காரட் என்கிறோம், கல்லின் எடைக்கும் காரட் என்கிறோம். 22 காரட் தங்கம் என்றால் 24 பங்கில் 22 பங்கு தங்கம். அதற்கும் எடைக்கும் தொடர்பே இல்லை. முத்துச் சரத்தின் பில்லில் கொக்கியின் மாற்றும் முத்தின் எடையும் ஒரே வரியில் வரும்போது இது குழப்பும். கடையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் ஒருவன் "18 காரட்" என்று கொக்கிக்கு எழுதியிருந்ததை முத்தின் எடை என்று ஏட்டில் ஏற்றிவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. சொல் ஒன்றாக இருக்கிறது.

மொம்மே எங்கிருந்து வந்தது என்பது தெரிந்தால் அதன் மேல் ஒரு பிடிப்பு வரும். சீனத்தில் கி.பி. 621இல் வார்க்கத் தொடங்கிய காய்யுவான் காசு ஒன்றின் எடைதான் அதன் மூலம். பத்துக் காசு சேர்ந்தால் ஒரு லியாங் எடை. அந்தக் காசுகளுக்கு நடுவில் துளை உண்டு; ஆயிரம் காசைக் கயிற்றில் கோர்த்தால் வரும் சரம்தான் கன். அந்தச் சொல்லுக்கே ஊடுருவிச் செல்வது என்று பொருள். முத்தை எடை போடும் அளவு, கோர்க்கப்பட்ட காசிலிருந்து பிறந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. இன்றைக்கும் அந்தக் காசு ஜப்பானியர் சட்டைப்பையில் கிடக்கிறது: நடுவில் துளையிட்ட பித்தளை 5 யென் நாணயத்தின் எடை சரியாக 3.75 கிராம், ஒரு மொம்மே. 1 யென் அலுமினிய நாணயம் ஒரு கிராம், அதாவது 5 காரட்.

1885இல் ஜப்பான் மீட்டர் உடன்படிக்கையில் சேர்ந்தது. 1891ஆம் ஆண்டுச் சட்டம் கன்னை ஒரு கிலோகிராமின் நாலில் பதினைந்து பங்கு (15/4) என்று கட்டிப்போட்டது. மொம்மே இவ்வளவு வசதியான எண்ணாக இருப்பதற்குக் காரணம் அதுதான். 1958 முடிவோடு பழைய அளவுகள் வியாபாரத்திலிருந்து விலக்கப்பட்டன. ஆனால் முத்துக்கு மட்டும் மொம்மே தப்பிப் பிழைத்தது. இப்போது நடப்பிலுள்ள 1992ஆம் ஆண்டு அளவைச் சட்டத்தின்படி, மொம்மே முத்தின் எடைக்கு மட்டும், காரட் ரத்தினங்களின் எடைக்கு மட்டும், ட்ராய் அவுன்ஸ் தங்க நாணயத்துக்கு மட்டும். ஆகவே ஜப்பானிய வியாபாரி மொம்மே என்று எழுதினால் பழமை பேசுகிறார் என்று நினைக்க வேண்டாம்; அவருடைய சட்டம் அந்தப் பொருளுக்கென்றே விட்டுவைத்த அளவு அது. கிராமுக்கோ எங்கும் தடையில்லை.

இனி ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

மொம்மேயிலேயே கணக்கு வைப்பது முதல் வழி. எஹிமே, நாகசாகி, மிஎ பகுதிகளின் குடாக்களில் அகோயா என்ற சிப்பியில் விளையும் முத்து தரம் பிரிக்கப்பட்டு விலை பேசப்படும் ஊர் கோபே. அங்கே இந்திய முத்து வியாபாரிகளும் பல காலமாக இருக்கிறார்கள். கித்தானோ பகுதியில் ஒரு சமணக் கோயிலே கட்டியிருக்கிறார்கள். அவர்கள் பேசுவதும் மொம்மேதான். பேரத்தில் எதிராளியின் அளவிலேயே பேசுவது பெரிய பலம். "இன்னொரு 500 குறைத்துக்கொள்ளுங்கள்" என்று நீங்கள் சொல்லும்போது அது மொம்மேக்கு 500 என்பது இருவருக்கும் ஐயமின்றித் தெரியும். காரட்டில் யோசித்துக்கொண்டு மொம்மேயில் பேசுபவர், ஒவ்வொரு முறையும் ஒரு நொடி பிந்துவார்.

இதன் குறை, சிறிய எடையில் தெரியும். தராசு மொம்மேயில் இரண்டு தசமம் மட்டும் காட்டினால், கடைசி இலக்கம் ஒன்று நகர்வது 0.0375 கிராம், அதாவது கிட்டத்தட்ட 19 சென்ட். மூட்டையாக வாங்கும்போது அது பொருட்டில்லை. ஒற்றை முத்துக்கு அது அதிகம். 7 மில்லிமீட்டர் முத்து ஒன்றே ஏறக்குறைய அரை கிராம்தான், 0.13 மொம்மே. அதில் ஒரு இலக்கம் பிசகினால் நூற்றுக்கு ஏழெட்டு போய்விடும். மொம்மேயில் எடை போட்டே ஆக வேண்டும் என்றால் மூன்று தசமம் காட்டும் தராசு வேண்டும்.

அடுத்தது காரட். நம் ஊரில் மோதிரத்துக்கு ஒற்றை முத்து கேட்டு வருபவர் காரட்டில் கேட்பார், இல்லாவிட்டால் ரத்தியில். சோதனைக்கூடச் சான்றிதழிலும் காரட்தான். சின்ன எடையைப் பிரித்துச் சொல்ல இதைவிட வசதியான அளவு இல்லை. மேலே சொன்ன 7 மில்லிமீட்டர் முத்து, காரட்டில் 2.44. படித்தவுடன் புரிகிறது.

ஆனால் கோபே பட்டியலை வைத்துக்கொண்டு நேராகக் காரட்டுக்குத் தாவுவதில்தான் தவறுகள் நடக்கின்றன. ஒரு காரட் என்பது 0.05333 மொம்மே, அந்த 3 முடிவில்லாமல் ஓடும். எங்கே வெட்டுகிறோமோ அங்கே காசு போகும். கைக்கணக்கில் 0.05 என்று பலரும் போடுவார்கள். 350 காரட் கொண்ட ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையில் அது 18.67 மொம்மே. 0.05 போட்டால் 17.5 மொம்மே. மொம்மேக்கு 15,000 யென் என்றால் வித்தியாசம் 17,500 யென். நானே இந்தத் தவறைச் செய்து ஒரு மதியம் முழுக்கக் கணக்கு ஒட்டாமல் உட்கார்ந்திருந்தேன். விற்றவர் கூட்டிப் போட்டுவிட்டார் என்று அத்தானிடம் சொல்லவும் செய்தேன். அவர் பில் சரியாகவே இருந்தது.

இன்னொரு வழுக்கல், விலையும் எடையும் எதிர்த்திசையில் மாறுவது. மொம்மே எடையைக் காரட்டாக்க 18.75 ஆல் பெருக்க வேண்டும். மொம்மே விலையைக் காரட் விலையாக்க 18.75 ஆல் வகுக்க வேண்டும். எழுதும்போது இது அற்பமாகத் தெரிகிறது. இரவு பத்து மணிக்கு, யெனை ரூபாயாகவும் மாற்றிக்கொண்டு, கைப்பேசியில் தட்டும்போது அற்பமில்லை. பிழை நடந்தால் விடை 350 மடங்கு தள்ளிப் போகும் என்பதால் கண்டுபிடிப்பது எளிது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

மனக்கணக்குக்கு ஒரு நல்ல வழி உண்டு. மொம்மேயை இருபதால் பெருக்கி, வந்ததில் வீசம் (பதினாறில் ஒரு பங்கு) குறைத்தால் காரட். 12 மொம்மே என்றால் 240. அதில் வீசம் 15. மீதி 225 காரட். துல்லியமான விடை, தோராயமில்லை. திரும்பி வர, காரட்டை இருபதால் வகுத்துப் பதினைந்தில் ஒரு பங்கு கூட்ட வேண்டும்: 225க்கு 11.25, அதோடு 0.75, ஆக 12. வீசமும் முக்காலும் பழகிய நம் தாத்தாக்கள் தலைமுறைக்கு இதற்குக் காகிதமே தேவைப்பட்டிருக்காது.

நான் கடைசியில் நிலைத்தது கிராமில். காரட்டிலிருந்து கிராமுக்கு ஐந்தால் வகுத்தல். மொம்மேயிலிருந்து கிராமுக்கு 3.75 ஆல் பெருக்கல். இரண்டும் முடிவுள்ள எண்கள், எங்கும் வெட்ட வேண்டாம். நல்ல தராசு எதுவும் கிராமில்தான் அளவு திருத்தப்படுகிறது. எடைக்கற்களும் பெரும்பாலும் கிராமில்தான் கிடைக்கின்றன. மொம்மேயும் காரட்டும் அந்தக் கிராம் எடையிலிருந்து தராசு கணக்கிட்டுக் காட்டுபவை. அப்படியிருக்க, அந்த மூல எண்ணை ஏட்டில் எழுதாமல் வழிவந்த எண்ணை எழுதுவது ஏன்? கடை ஏட்டில் ஒரு பொட்டலத்துக்கு மூன்று பத்தி வைத்திருக்கிறேன். நாங்கள் நிறுத்த கிராம், விற்றவர் பில்லில் போட்ட அளவும் எண்ணும் அப்படியே, கிராமுக்கு அடக்க விலை. விற்கும்போது வாடிக்கையாளருக்கு எது வேண்டுமோ அதற்கு மாற்றிக்கொள்கிறோம். மாற்றியதைத் திரும்ப ஏட்டில் ஏற்றுவதில்லை. மாற்றிய எண்ணை மறுபடி மாற்றினால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேயும்.

கிராமின் குறை, பேரத்தில் அது உதவாது என்பதுதான். கோபேக்காரரிடம் "கிராமுக்கு 130 குறையுங்கள்" என்றால் அவரும் மனதுக்குள் மாற்றிப் பார்க்க வேண்டும். அங்கே மொம்மேக்குத் திரும்பிவிடுங்கள்.

தராசின் பொத்தானை அமுக்கியே மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். செய்யலாம், ஆனால் எந்தப் பெயரை அமுக்குகிறோம் என்று பார்த்து. பல தராசுகளில் 'கிரெயின்' என்று ஒன்று இருக்கும். அது 64.8 மில்லிகிராம் கொண்ட பொதுக் கிரெயின். முத்து வியாபாரத்தின் கிரெயின் காரட்டில் கால் பங்கு, 50 மில்லிகிராம்; ஒரு மொம்மேக்கு 75 முத்துக் கிரெயின். இரண்டையும் ஒன்றாக எண்ணினால் ஏறக்குறைய கால்வாசி பிழை. 'தேல்' என்ற சீன எடையும் அப்படித்தான். ஹாங்காங் தேல் 37.43 கிராம், தைவான் தேல் 37.5 கிராம். பின்னதில் பத்தில் ஒன்று மொம்மேக்குச் சமம், முன்னதில் இல்லை. கொரியாவில் தங்கம் நிறுக்கும் 'டோன்' மட்டும் அதே 3.75 கிராம். தராசு மொம்மேயைச் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, ஜப்பான் போய்வந்தவரிடம் தேயாத ஒரு 5 யென் நாணயம் வாங்கி வைத்துப் பாருங்கள். கிராமில் 3.75, காரட்டில் 18.75, மொம்மேயில் 1.00 வர வேண்டும். எடைக்கல்லுக்கு அது மாற்றாகாது. ஆனால் தவறான பொத்தான் என்றால் உடனே காட்டிக்கொடுக்கும்.

இணையத்தில் மாற்றிப் பார்ப்பவர்களுக்கு ஒரு சொல். பட்டுத் தலையணை உறையில் "22 மொம்மே" என்று போட்டிருப்பது வேறு கணக்கு; அது துணியின் கனம், ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 95 கிராம். ஜப்பானியத் துண்டில் 200 மொம்மே என்றால் ஒரு டஜன் துண்டின் எடை. பழைய நூல்களைப் பார்த்துக் கணக்கிடுபவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: 0.2 கிராம் காரட் 1907இல்தான் சர்வதேச மாநாட்டில் ஏற்கப்பட்டது. அதற்கு முன் ஊருக்கு ஊர் காரட் வேறு; லண்டன் காரட் சுமார் 205 மில்லிகிராம்.

அளவுகளை இவ்வளவு சுற்றிவந்த பிறகு, முக்கியமான ஒன்றைச் சொல்லாவிட்டால் வாங்குபவருக்கு நான் துரோகம் செய்தவனாவேன். வளர்ப்பு முத்தின் எடையில் பெரும்பங்கு முத்தே இல்லை. சிப்பிக்குள் வைக்கும் உருண்டை, அமெரிக்க நன்னீர் மட்டியின் ஓட்டைக் கடைந்து செய்தது. 7 மில்லிமீட்டர் முத்தில், அந்த உருண்டை மேல் சிப்பி சுரந்து படியவைக்கும் மேற்பூச்சு எல்லாப் பக்கமும் 0.4 மில்லிமீட்டர் என்று வைத்தால், உள்ளே இருக்கும் உருண்டை 6.2 மில்லிமீட்டர். கன அளவில் அது நூற்றுக்கு எழுபது. நீங்கள் மொம்மே கணக்கில் கொடுக்கும் காசில் எழுபது பங்கு அந்த ஓட்டின் எடைக்கு. பூச்சு மெலிந்த முத்தும் தடித்த முத்தும் ஒரே அளவாக இருந்தால் தராசில் ஏறக்குறைய ஒன்றாகவே நிற்கும். ஒளியையும் நிறத்தையும் ஆழத்தையும் தீர்மானிப்பது மீதி முப்பதுதான். அதைத் தராசு பார்ப்பதில்லை, கண்தான் பார்க்கிறது. முத்து வளர்ப்பின் முன்னோடியான மிகிமோட்டோ 1893இல் தோபா கடலில் அரைவட்ட முத்து விளைவித்த காலத்துக்கு முன், முத்து என்றால் முழுக்க முத்து. அதனால்தான் இயற்கை முத்துக்கு எடையின் வர்க்கத்தை (எடையை அதே எடையால் பெருக்கி வருவதை) வைத்து விலை போட்டார்கள். தூத்துக்குடி, மன்னார் முத்துச் சலாபங்களில் (முத்துக்குளிப்பு நடக்கும் இடங்களில்) வழங்கிய செவ்வு கணக்கும் அந்த வகையைச் சேர்ந்ததே. இன்றைய வளர்ப்பு முத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

அளவு மாறினால் மொம்மே விலையை ஒப்பிடவும் முடியாது. 6 மில்லிமீட்டர் முத்து மொம்மேக்குப் பன்னிரண்டு நிற்கும், 7க்கு ஏழு எட்டு, 8க்கு ஐந்து. மொம்மே விலை ஒன்றாகவே இருந்தாலும் 8 மில்லிமீட்டர் முத்து ஒவ்வொன்றும் 6ஐவிட இரண்டு மடங்குக்கு மேல் விலை. சந்தையிலோ பெரிய முத்துக்கு மொம்மே விலையும் ஏறும். ஆகவே மில்லிமீட்டர் சொல்லாத மொம்மே விலையை நான் விலையாகவே எடுத்துக்கொள்வதில்லை.

இனி யார் எதைப் பிடிப்பது. ஒரு மோதிரத்துக்கு ஒற்றை முத்து என்றால் காரட் போதும். சான்றிதழில் இருப்பது அதுதான், மொம்மே பக்கமே போக வேண்டாம். கோர்த்த சரம் வாங்குபவர் எடையை விட்டுவிட்டு மில்லிமீட்டரையும் முத்தின் எண்ணிக்கையையும் கேளுங்கள். எடையை ஒரு சரிபார்ப்பாக மட்டும் வையுங்கள்: 7 மில்லிமீட்டரில் 40 சென்டிமீட்டர் சரம், கொக்கி இல்லாமல், 28 கிராம் அருகில், ஏழரை மொம்மே சுமாருக்கு நிற்கும். மிகவும் விலகினால் ஏன் என்று கேட்கலாம். உதிரியாகப் பொட்டலம் வாங்கும் எங்களைப் போன்றவர்கள் மொம்மேயில் பேசி, கிராமில் எழுதி, காரட்டில் விற்பது நல்லது. மூன்று அளவு என்றால் குழப்பம் போலத் தோன்றும். ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் ஒதுக்கிவிட்டால் அவை ஒன்றோடொன்று மோதுவதில்லை.

அந்த மூவரில் நாங்கள் கடைசியில் வாங்கியது மொம்மேக்காரரிடமும் இல்லை. கிராம்காரர், 4,200 யென். மாதிரிகளைச் சன்னலோரம் வடக்கு வெளிச்சத்தில் அடுக்கிப் பார்த்தபோது அவருடைய முத்தில் பூச்சின் ஆழம் கூடுதலாக இருந்தது. அத்தானுக்கு அதில் ஐயமே இல்லை. கிராமுக்கு 200 யென் அதிகம் கொடுத்தோம். எதற்கு அதிகம் கொடுக்கிறோம் என்பது தெரிந்து கொடுத்தோம். பணம் அனுப்புமுன் அவருக்கு எழுதிக் கேட்டவை நான்கு: எடை துளையிடும் முன்னா பின்னா, எத்தனை மில்லிமீட்டரிலிருந்து எத்தனை வரை, மொத்தம் எத்தனை முத்து, தராசு எத்தனை தசமம் காட்டுவது.